சொட்டு அக்காவுக்குத் திருப்பம் இல்லை

ஒருத்தியை மேடையேற்றிக் கேலி செய்தால் அவளுக்குக் கோபம் வரும் என்பது உலக நியாயம். கேலி செய்யாமல் விட்டுவிட்டார்களே என்று ஒருத்தி இரண்டு வருஷம் வயிறெரிந்தாள் என்றால், அவளுடைய கதையைக் கொஞ்சம் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும்.

அவள் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போடுகிறவள். இருபத்து மூன்று வருஷமாக அதே வேலை, அதே கூடம். சுவரோரமாக வரிசையாய்ப் பன்னிரண்டு நாற்காலிகள். ஒன்றாம் நாற்காலியில் தொடங்குவாள். தாடையை இடது கையால் நிமிர்த்துவாள், கீழ் இமையைக் கட்டைவிரலால் லேசாக இழுப்பாள், ஒரு சொட்டு விடுவாள், வழிவதைப் பஞ்சால் ஒற்றுவாள். “மேல பாருங்க. அவ்ளோதான். மூடிக்கோங்க.” பத்து நிமிஷத்துக்கு ஒரு தரமாக மூன்று தரம். கண்மணி நன்றாக விரிந்த பிறகு டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். அதுவரை பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, தவத்தில் அமர்ந்த முனிவர்களைப் போல, மூக்கு நுனியில் மருந்து சொட்ட உட்கார்ந்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் கையால் சொட்டு விழுந்திருந்ததால் ‘சொட்டு அக்கா’ என்றே பெயர் ஆகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இந்த வேலையால் அவளுக்கு ஒரு நம்பிக்கை படிந்துவிட்டிருந்தது. கண்ணை மூடியிருக்கிற ஆள் அங்கே இல்லாத ஆள். அந்த வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு துடைப்பக்காரம்மாவிடம் தன் முழங்கால் வலியைச் சொல்வாள். போனில் தங்கையோடு சண்டை போடுவாள். டாக்டருடைய கஞ்சத்தனத்தைப் பற்றிப் பாடம் எடுப்பாள். கண் மூடினால் காதும் மூடிக்கொள்ளும் என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. அவள் மட்டும் அதை அனுபவத்தால் கண்டறிந்திருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுபோனதாக நினைக்குமாம். இவள் பிறத்தியார் கண்ணை மூடிவிட்டு அப்படி நினைத்தாள். பூனையைவிட ஒரு படி மேல்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிற மனிதர் என்பதைத் தவிர, அவருடைய வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் கிடையாது. எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்பார். அதற்கு மேல் கேட்டால் “சரி” என்பார். ஒரே மகன் வெளியூரில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “சாப்டியாம்மா” என்று கேட்டு வைத்துவிடுவான். அவன் கல்யாணத்தில்கூட யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

இவர்கள் கீழ் வீடு. மாடியில் புருஷனின் தம்பி குடும்பம். தம்பி பெண்டாட்டி, அதாவது சொட்டு அக்காவின் ஓரகத்தி, போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள். குடும்பத்தில் அவளை ‘இளையவள்’ என்பார்கள். சாதுவான பெண். பதினெட்டு வருஷம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் இருவருக்கும் மனஸ்தாபம் வந்ததில்லை. அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் நூலகத்துப் பெண்கள் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்ததுதான் வினை.

இளையவள் ஸ்டூடியோவில் நின்று நின்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். எந்தப் பெண்ணும் சும்மா வந்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்வதில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒன்று திரும்பும்போதுதான் வருகிறாள். ஒருத்திக்கு முதல் வேலை, ஒருத்திக்கு விவாகரத்து மனு, ஒருத்திக்கு ஐம்பது வயதில் டிரைவிங் லைசென்ஸ். “முகத்த நேரா வெச்சுக்கோங்க” என்று சொன்னதுமே அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளே எழுத ஆரம்பித்தாள். மேடையில் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். கால் மணி நேரம் அந்தப் பெண்ணே தன் பாட்டுக்குப் பேசுவாள். இப்படி ஐந்து பெண்கள். ஐந்து பேரும் இளையவளேதான். ஒருத்தி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றுவாள், கொண்டையை அவிழ்ப்பாள், அடுத்தவள் ஆகிவிடுவாள்.

முதல் நிகழ்ச்சிக்குக் குடும்பமே போய் முன்வரிசையில் உட்கார்ந்தது. மூன்றாவது நிமிஷத்திலேயே நாத்தனாரின் முதுகு விறைத்தது. மேடையில் இருந்தவள், புருஷன் ரிடையர் ஆன மறுநாள் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டுவிட்டதை விவரித்துக்கொண்டிருந்தாள். “எட்டாம் நம்பர ஒரு ஸ்பூன் போடுன்றாருங்க. எட்டு சர்க்கரையா உப்பான்னு தெரிஞ்சுக்க நான் ஆபீஸ்ல விசாரிக்கணுமாம். ஆபீஸ் எதுன்னு கேட்டேன். ஹால் சோபாவாம்.” அரங்கம் அதிர்ந்தது. அடுத்ததாகப் பக்கத்து வீட்டம்மா வந்தாள். மூன்று பெண்களும் கல்யாணமாகிப் போன பிறகு பிரிட்ஜுக்குப் புத்திமதி சொல்கிறவளாக. மூன்றாவதாக வந்தவளைப் பார்த்ததும் சொட்டு அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். அது அவளுடைய சொந்தத் தங்கை. கார் ஓட்டப் பழகி முதல் நாளே போலீஸ்காரரிடம், “நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கோங்க, எனக்குத் திருப்ப வராது” என்று சொன்னவள். அவள் இந்த வீட்டுக்கு வந்து தங்கியது மொத்தம் நாலு நாள்.

நாலு நாள் வந்து போனவளுக்குக் கால் மணி நேரம். பதினெட்டு வருஷம் கீழ் வீட்டில் கிடக்கிறவளுக்கு ஒரு நிமிஷமும் இல்லை.

வெளியே வந்ததும் நாத்தனார் ஆடித் தீர்த்தாள். அவள் லிஃப்ட்காரருக்கு அக்கா. குடும்பத்தின் மானம் மரியாதை முழுவதையும் கைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவள். “என் வீட்டு டப்பாவ ஊர் சிரிக்க வெச்சுட்டா பாத்தியா. அந்த எட்டாம் நம்பர் உப்புதான். அதக்கூடச் சரியா சொல்லிட்டா” என்றாள். அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு மினுக்கு இருந்தது. சொட்டு அக்கா அதைக் கவனித்துவிட்டாள். மறுநாளிலிருந்து நாத்தனார் கடைக்குப் போகும்போதும் நல்ல புடவை கட்டினாள். யாராவது, “நாடகத்துல வந்தது நீங்கதானாமே” என்று கேட்டால், “ஐயோ அந்தக் கண்றாவிய ஏன் கேக்கறீங்க” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் சொல்வாள்.

சொட்டு அக்கா காத்திருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பெண்கள் வந்தார்கள். பால்காரரின் மனைவி வந்தாள். டாக்டரின் மாமியார் புதுப் பல்செட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரித் துடைப்பக்காரம்மாகூட வந்துவிட்டாள். லாட்டரியில் வாஷிங் மெஷின் விழுந்து, தண்ணீர்க் குழாய் இல்லாத வீட்டில் அதைப் பீரோவாக்கிக்கொண்ட கதை. அந்தக் கதையை மாடிப்படியில் நின்று இளையவளுக்குச் சொன்னதே சொட்டு அக்காதான். தான் பரிமாறிய பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்ற எரிச்சலோடு அவள் கைதட்டினாள். கைதட்டும்போது இரண்டு கையும் ஒன்றுக்கொன்று வேண்டாதவை போலப் பட்டன.

ஒருநாள் தாங்க முடியாமல், துணி மடிக்கிற சாக்கில் மாடிக்குப் போய்க் கேட்டேவிட்டாள்.

“ஏம்மா, தெரியாமத்தான் கேக்கறேன். எல்லாரையும் வெச்சுப் பண்ணிட்ட. நம்ம வீட்ல இன்னும் யார் பாக்கி?”

இளையவள் யோசித்தாள். “மாமனார் மாமியார் உயிரோட இல்ல. பாக்கி யாருமில்லக்கா.”

“யாருமே இல்ல?”

“நீங்கதான் இருக்கீங்க.” சொல்லிவிட்டு இளையவள் சிரித்தாள். “உங்கள என்னத்தப் பண்றது? உங்களுக்குத் திருப்பம்னு ஒண்ணு இல்லியே. கொடுத்து வெச்சவங்க.”

‘கொடுத்து வெச்சவங்க’ என்ற வார்த்தையை எத்தனையோ பேர் வாழ்த்தாகக் கேட்டிருப்பார்கள். சொட்டு அக்காவுக்கு அது மரண அறிவிப்பைப் போல இருந்தது. மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

அன்றிலிருந்து அவள் திருப்பம் தேடினாள். முதலில் முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்து, “டீ இருக்கா” என்றார். பிறகு, வேலையை விட்டுவிடப் போவதாக டாக்டரிடம் சொன்னாள். “திங்கக்கிழமை பேசலாம் அக்கா, இன்னிக்குக் கூட்டம்” என்றார் டாக்டர். திங்கட்கிழமையும் கூட்டம். சமையலில் ஒரு வாரம் உப்பே போடாமல் பார்த்தாள். அவர் பேசாமல் போட்டுக்கொண்டார். இந்த மனிதரோடு சண்டை போடுவது பஞ்சு மெத்தையைக் குத்துவது, கைதான் வலிக்கும்.

உண்மையில் நடக்காது என்று தெரிந்த பிறகுதான் மனிதர்கள் பொய்யைத் தேடிப் போகிறார்கள். அவளும் போனாள். ஆனால் அரைகுறையாகப் போகவில்லை. மூன்று நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒத்திகை பார்த்தாள். புருஷனைப் பிரிந்து போகப் போகிறேன். காரணம்? காரணம் எதுவும் இல்லை, அதுதான் காரணம். இந்த இடத்தில் ஒரு நிறுத்தம். இங்கே சபை சிரிக்கும். ‘இருபத்தாறு வருஷத்துல அவரு எங்கிட்ட பேசினத ஒரு தபால் கார்டுல எழுதலாம். ஸ்டாம்புக்கும் இடம் மிஞ்சும்.’ இங்கே பலமாகச் சிரிக்கும். இளையவளுக்கு இது போதும். கேட்டதும் அவள் கண்ணில் அந்த மினுக்கு வந்துவிடும். பால்காரர் மனைவியின் கதையைக் கேட்டபோது வந்ததே, அது.

சமயமும் வாய்த்தது. கிட்டப் பார்வை மங்குகிறதென்று இளையவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளை மூன்றாம் நாற்காலியில் உட்கார வைத்தாள். மற்ற பதினொன்றிலும் ஆள். எல்லோருக்கும் இரண்டாம் சொட்டும் ஆயிற்று. கூடம் முழுக்க மூடிய கண்கள். அதாவது, சொட்டு அக்காவின் கணக்கில், கூடத்தில் ஈ காக்கை இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். ஒத்திகையில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். தபால் கார்டு வந்தபோது ஏழாம் நாற்காலிக்காரர் புரையேறி இருமினார். யாருக்கோ சளி என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள், ஒன்றைத் தவிர. இளையவளின் கண்ணில் மினுக்கு வருகிறதா என்று பார்ப்பதற்காகவே இத்தனையும். அந்தக் கண் இரண்டையும் தன் கையாலேயே மருந்து போட்டு மூடி வைத்திருந்தாள்.

இளையவளின் கன்னத்தில் நீர் வழிந்தது. அது சொட்டு மருந்தா கண்ணீரா என்று இருபத்து மூன்று வருஷ அனுபவத்தாலும் சொல்ல முடியவில்லை. தடவித் தடவி அவள் சொட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா. இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியம்.”

“சொல்லாம எப்படி” என்றாள் சொட்டு அக்கா அவசரமாக.

“மாட்டேன்கா. என் வாயிலிருந்து வராது.”

சொன்னபடியே அவள் வாயிலிருந்து வரவில்லை. மற்ற பதினொரு வாய்கள் இருந்தன. அந்த மருந்து போட்டுக்கொண்டவர் நாலு மணி நேரத்துக்குப் பேப்பர் படிக்க முடியாது, டி.வி. பார்க்க முடியாது, போனைப் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் தெரியும், வண்டி ஓட்டவே கூடாது. மனிதனுக்கு மிச்சம் இருப்பது பேச்சு ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் செய்தி மூன்று தெரு தாண்டியது. நாத்தனார் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் செய்தியில் சொட்டு அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனி அறை எடுத்து, அட்வான்ஸும் கொடுத்து, ஜன்னலுக்குத் திரைச்சீலையும் வாங்கியாகிவிட்டது.

நாத்தனார் மறுநாள் காலையே கைப்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

“என் தம்பி உனக்கு என்ன குறை வெச்சான்?”

“ஒண்ணும் வெக்கல அண்ணி.”

“அப்புறம்?”

“அதான் அண்ணி.”

நாத்தனார் அதை மென்று பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “அந்த ரூம்ல பாத்ரூம் தனியா, பொதுவா?”

இந்தக் கேள்விக்குச் சொட்டு அக்கா தயாராக இல்லை. “தனி” என்றாள்.

“ஜன்னல்?”

“ரெண்டு.”

“ரெண்டு ஜன்னல்.” நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “அந்த டப்பா நம்பர் போட்ட அன்னிக்கே நான் போயிருக்கணும். நீ முந்திக்கிட்ட. உனக்கு எப்படி இவ்ளோ துணிச்சல் வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல. பாத்தா ஒண்ணுந்தெரியாத பூனை மாதிரி இருப்ப.”

புத்திமதி சொல்ல வந்தவள் பொறாமையோடு திரும்பிப் போனாள். சொட்டு அக்காவுக்கு ஒரு சாண் வளர்ந்தது போலிருந்தது. காய்கறிக் கடையில் அவளுக்கு வழிவிட்டார்கள். துடைப்பக்காரம்மா அவளுக்குத் தனியாக டீ வாங்கி வந்து கொடுத்தாள். இல்லாத அறையின் இல்லாத ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று யாரோ கேட்டதற்கு, “ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் மைதானம்” என்று கூச்சமில்லாமல் சொன்னாள். விஷயத்தை வெளியே விட்டது இளையவள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லையே. கோபம் வருவதற்குப் பதிலாக நம்பிக்கை வந்தது. ஊருக்குச் சொன்னவள் மேடைக்குக் கொண்டுவர மாட்டாளா?

அடுத்த நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது. நூலக வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புதுப் பெண்கள் ஐந்து பேர்: பல் டாக்டரைக் காதலிக்கிற விதவை, மாமியாரைவிட வயதில் மூத்த மருமகள், முதல் தடவை விமானம் ஏறுகிறவள், தூக்கத்தில் பேசியே நகைச்சீட்டு ரகசியத்தை விட்டவள், புருஷனுக்குத் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொண்டவள். சொட்டு அக்கா நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

நேராக மாடிக்குப் போனாள். “நீச்சல் கத்துக்கறதெல்லாம் ஒரு திருப்பமா?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஏன்கா, வேடிக்கையா இருக்குமே.”

“நான் சொன்னது?”

இளையவளின் முகம் மாறியது. “அது எப்படிக்கா? அது உங்க மனசுல இருக்கற காயம். அதப் போய் மேடையில வெச்சு நாலு பேர சிரிக்க வெக்க எனக்கு மனசு வருமா? நான் அவ்ளோ மோசமானவளா?”

“ஊர் பூரா சொல்றதுக்கு மட்டும் மனசு வந்துச்சாக்கும்.”

“நான் சொல்லலக்கா.”

“நீ சொல்லாம? அங்க வேற யாரு இருந்தா?”

இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். இருபது வருஷத்தில் முதல் மனஸ்தாபம். சொட்டு அக்கா படியிறங்கி வரும்போது வருத்தப்பட்டாள். வருத்தத்தைவிட அதிகமாக அந்த நீச்சல்காரியை நினைத்து எரிந்தாள். சிரிப்பதற்கு லாயக்கில்லாதவள் என்று ஒதுக்கப்படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்பது, சிரித்துச் சிரித்தே ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் நடக்கும்போது லிஃப்ட்காரர் என்ன செய்தார் என்று கேட்கலாம். அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். செய்தி அவருக்கு ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில், ஒரு நிறுவன மேலாளர் மூலமாகத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள், சர்வீஸில் முதல் முறையாக அரைநாள் லீவு போட்டுவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து ஒன்பதாம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மற்றவர்களுக்குச் சொட்டு போட்டுக்கொண்டே வந்தவள், அடுத்த தாடையை நிமிர்த்தியபோதுதான் அது யார் என்று பார்த்தாள். “என்னங்க, உங்களுக்குக் கண்ணுக்கு என்ன?”

“மங்கலா இருக்கு. போடு.”

போட்டாள். கண்ணை மூடினார். அடுத்த ஆளிடம் நகரப் போனவளின் கையை, குறி தப்பாமல், எட்டிப் பிடித்தார்.

“இரு. கண்ண மூடியிருந்தா கொஞ்சம் சுலபமா இருக்கு. சொல்லிடறேன். ஈரத் துண்ட கதவு மேல போடறேன். அது உனக்குப் பிடிக்கல.”

அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை.

“டீ குடிக்கறப்ப சத்தம் வருது. நீ போன் பேசறப்ப டி.வி. சத்தத்தக் கூட்டறேன், வேணும்னுதான். உன் தங்கச்சி வந்தப்ப நாலு நாளும் லிஃப்ட் கோளாறுன்னு சொன்னேன் பாரு, லிஃப்ட்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் நான் பார்க்ல உக்காந்திருந்தேன்.”

“பார்க்லயா?”

“கடலை வாங்கித் தின்னுக்கிட்டு.” மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். “கல்யாணமான புதுசுல நீ பாடுவ. நான் தலையாட்டுவேன். அது ரசிச்சு ஆட்டல. தூக்கத்துல விழுந்துச்சு. நீ முடி வெட்டினது நல்லா இருந்துச்சு. சொன்னா அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் டீ கேட்டேன். அந்த ரூமுக்குப் போறதுன்னா போ. மூணாவது மாடின்னா மட்டும் வேண்டாம். அந்தக் கட்டடத்து லிஃப்ட நான்தான் பாக்கறேன். கயிறு சரியில்ல.”

இருபத்தாறு வருஷத்தில் அவர் பேசியது அத்தனையும் இதில் பாதி இருக்காது. சொட்டு அக்கா பஞ்சைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குத் தெரியாத அரை டஜன் குற்றங்களை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட புருஷனை என்ன செய்வது என்று எந்த ஒத்திகையிலும் இல்லை.

“அதெல்லாம் பெரிய தப்பில்லீங்க” என்றது ஆறாம் நாற்காலி, கண்ணை மூடியபடியே. “துண்டு விஷயம் எங்க வீட்லயும் உண்டு.”

“நீங்க சும்மா இருங்க, அவரு பேசட்டும்” என்றது பத்தாம் நாற்காலி.

“அந்தப் பார்க் சமாசாரம் தப்புதான்” என்றாள் ஒன்றாம் நாற்காலி அம்மாள். “மச்சினி வீட்டுக்கு வந்தா முகம் கொடுக்க வேண்டாமா? ஏன் அக்கா, அன்னிக்கும் நான் இங்கதான் இருந்தேன், அந்தத் தபால் கார்டு சொன்னீங்களே, அது இவரத்தானா?”

சொட்டு அக்காவின் கையிலிருந்து பஞ்சு விழுந்தது.

பன்னிரண்டு முகங்களையும் பார்த்தாள். கண் மூடியிருந்தது, காதுகள் அத்தனையும் அவளைப் பார்த்துத் திறந்திருந்தன. இருபத்து மூன்று வருஷம். முழங்கால் வலி, தங்கையின் சண்டை, டாக்டரின் கஞ்சத்தனம், நாத்தனாரின் கைப்பை. மூலநோய்க்கு வாங்கிய களிம்பு பலிக்கவில்லை என்று மருந்துக் கடைக்காரரிடம் போனில் வாதாடிய அந்தச் செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் வியர்த்தது. கடைசியாக இளையவள் அழுத முகம் வந்தது. அதற்குத்தான் அதிகமாக வியர்த்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறினாள். இளையவள் பாதிப் படியில், மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். மூத்தவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

“நில்லு. நான் சொன்னது பொய்.”

“எது அக்கா?”

“எல்லாம். ரூம் இல்ல. ஜன்னல் இல்ல. நான் எங்கயும் போகல. நீ என்ன மட்டும் விட்டுட்டியேன்னுதான். என் தங்கச்சிய வெச்ச. டாக்டரோட மாமியார் பல்ல வெச்ச. வாஷிங் மெஷின பீரோ ஆக்கினவள வெச்ச. எனக்குத் திருப்பம் இல்லன்ன. சரி, ஒண்ணு பண்ணிக்கலாம்னு பாத்தேன். முடிய வெட்டினேன், எவனும் திரும்பல. உப்ப நிறுத்தினேன், அவரே போட்டுக்கிட்டாரு. பொய் சொல்லலாம்னா, சிரிக்கற மாதிரி சொல்லு சொல்லுன்னு மூணு நாள் பஸ்ல எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டான். உனக்குச் சிரிப்பே வரல. அழுகை வந்துச்சு. நான் என்ன பாவம் பண்ணேன்?”

ஒன்பதாம் நாற்காலியையும் சொன்னாள். பார்க்கையும் கடலையையும் சொன்னாள். “பன்னெண்டு காது. இல்ல, இருபத்து நாலு. உன்னப் போய்ச் சொன்னேனே” என்று முடித்தபோது, இளையவள் துணி மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணில் அது இருந்தது. மினுக்கு. இரண்டு வருஷமாகச் சொட்டு அக்கா வேண்டிக்கொண்டிருந்த, அதே மினுக்கு. துணிக்கு அடியில் கை போயிற்று. சின்ன நோட்டுப் புத்தகம் வந்தது.

“அக்கா, அந்தப் பத்தாம் நாற்காலி என்ன சொல்லுச்சு? இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொட்டு அக்கா சொல்ல வாயெடுத்தாள். பேனா தாளைத் தொட்டதைப் பார்த்தாள். இளையவள் இதை என்ன அழகாகச் செய்வாள் என்று அப்போதே தெரிந்தது: பஞ்சை நழுவவிடுகிற விதம், புரையேறுகிற சத்தம், எல்லாம். சபை உருண்டு புரளும். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுத்தவள் ஆகிவிடுவாள்.

“நோட்ட உள்ள வை.”

“ஏன்கா? இதுக்குத்தானே...”

“இதுக்குத்தான். ஆனா உனக்குத் தர மாட்டேன். நீ நல்லாப் பண்ணிடுவ. அப்புறம் அது உன்னோடதாயிடும். நானே சொல்லிக்கறேன்.”

இளையவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மேடையிலயா?”

“நாற்காலி ஒண்ணுதானே வேணும். எனக்கு நாற்காலி புதுசா?”

நோட்டு மறுபடி துணிக்கு அடியில் போயிற்று. பிறகு இளையவள், “கால் மணி நேரம்தான். கடைசி ஆளா” என்றாள்.

“கடைசியில எல்லாரும் செருப்பத் தேடிக்கிட்டிருப்பாங்க. ரெண்டாவது.”

“ரெண்டாவது நீச்சல் வருது.”

“அவ நீந்திக்கிட்டே இருக்கட்டும். நான் வந்துட்டுப் போயிடறேன்.”

நோட்டீஸில் குறித்த நாளில், நூலகக் கூடத்தில், எழுபது பேருக்கு முன்னால் சொட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நிமிஷம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; இத்தனை கண் அவளை ஒன்றாகப் பார்த்ததே கிடையாது. மூன்றாம் நிமிஷம் லிஃப்ட்காரர் டீ கேட்ட இடம் வந்தது. யாரோ ஒரு பெண்மணி பின்வரிசையில், “ஐயோ, அப்படியே எங்க வீட்டு ஆளு” என்று வாய்விட்டுச் சொன்னாள். அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நாத்தனார், தன்னுடைய ‘தனியா, பொதுவா’ மேடைக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவளின் தொடையில் அடித்து, “நான்தான், நான்தான் கேட்டேன்” என்றாள். லிஃப்ட்காரர் நாலாம் வரிசையில் உட்கார்ந்து, பார்க்கில் கடலை தின்ற மனிதரைப் பற்றி எல்லோரும் சிரித்தபோது, யார் அந்த ஆள் என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

கால் மணி நேரம் பத்தொன்பது நிமிஷமாயிற்று.

திரைக்குப் பின்னால் இளையவள், நீச்சல்காரியின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அடுத்துப் போகத் தயாராய் நின்றிருந்தாள். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“நல்லா இருந்துச்சுக்கா.”

சொட்டு அக்கா குடித்தாள்.

“நடுவுல மட்டும் கொஞ்சம் இழுத்துட்டீங்க” என்றாள் இளையவள், தொப்பிக்குள் முடியைத் திணித்தபடி. “நாலு நிமிஷம் அதிகம்.”

“அப்படியா? எந்த இடத்துல?”

“அதான், சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆச்சுல்ல. அந்த இடம்.”

சொட்டு அக்கா பாட்டிலை மூடினாள். காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் இளையவளிடம் குனிந்து, “எந்த இடம்?” என்று மறுபடியும் கேட்டாள்.